வலது மிதி

வண்டி நின்றுவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகுதான் அது பாய்ந்தது.

திங்கட்கிழமை காலை. எருமப்பட்டிக்குத் தெற்கே நாச்சிமுத்துக் கவுண்டரின் பண்ணை வாசல். டிரைவர் மருதாசலம் நாமக்கல்லிலிருந்து பெட்ரோல் டின்களை ஏற்றிக்கொண்டு வந்து, எப்போதும் நிறுத்துகிற இடத்தில், மாடு கட்டுகிற கட்டுத்தாரைக்கு முன்னால், பிரேக்கை மிதித்தார். வண்டி தலையைக் குனிந்தது. பின்பக்கம் தூக்கிப் போட்டது. நின்றது. அடுத்த கணம் அவரைக் கேட்காமல் இரண்டு முழம் முன்னால் குதித்தது. கல்தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கிடேரிக் கன்றின் பின்னங்கால் தொட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

முறிந்த சத்தம் சின்னதுதான். ஒரு கரும்பை ஒடித்தால் அதைவிடப் பெரிதாகக் கேட்கும். கன்று கத்தியதுதான் பெரிது.

கவுண்டர் வெளியே வந்தார். கன்றைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கடைசியாக மருதாசலத்தின் கால்களைப் பார்த்தார்.

"ஏப்பா மருதாசலம், கால்ல ஏதாச்சும் வலியா?"

"இல்லீங்க பண்ணாடி."

"கண்ணு மங்குதா?"

"இல்லீங்க."

"அப்ப வண்டியாப் பாஞ்சுதா?"

"மூணு வாரமா நிக்கறப்பத் தூக்கிப் போடுதுங்க. பாஞ்சது இதான் மொதத் தடவை."

"மூணு வாரமா எங்கிட்டச் சொன்னயா?"

மருதாசலம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. வண்டியில் கோளாறு என்றால் சேலத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து ஒரு கோளாறை எடுத்துவிட்டு இரண்டு கோளாறை வைத்துவிட்டுப் போவான். மெக்கானிக்கை நம்புகிறவன் மூடன் என்பது மருதாசலத்தின் முடிவு. துருக்கிக்காரனோடு நடந்த சண்டையில் பாஸ்ராப் பக்கம் மூன்று வருஷம் லாரி ஓட்டியவர். அங்கே அவர் கற்றுக்கொண்டது இரண்டு: வண்டி ஓட்டுவது, ஒருத்தனையும் நம்பாமல் இருப்பது.

"வெள்ளிக்கெழமை யாரு போறாங்கன்னு நாபகம் இருக்குதா?" என்றார் கவுண்டர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம்.

நினைவில்லாமல் என்ன. கவுண்டரின் ஒரே மகள் வசந்தாமணி, கைக்குழந்தையோடு புருஷன் வீட்டுக்குப் போகிறாள். முந்தி இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. இது மூன்றாவது. தொண்ணூறு நாள் தாண்டிவிட்டது. புருஷன் ஊர் காவேரிக்கு அக்கரையில், வாங்கல். மோகனூர்த் துறையில் வண்டியோடு ஓடத்தில் ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். பச்சைப்பிள்ளைக்காரி ஆற்றங்கரை மண்ணை மிதிக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் அவள் ஓடத்திலும் வண்டியை விட்டு இறங்க மாட்டாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டிலேயே இருப்பாள்.

ஓடம் என்றால் பெரிய கப்பல் ஒன்றுமில்லை. இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பாவியிருக்கும். கரையிலிருந்து இரண்டு பலகைத் தடத்தில் வண்டி இறங்கி அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். வண்டி நின்ற பிறகு முன்னால் மிச்சமிருப்பது ஒன்றரை முழம். அதற்கப்புறம் ஒரு மூங்கில். மூங்கிலுக்கப்புறம் ஐப்பசி மாதத்துக் காவேரி.

வண்டி பாய்ந்தது இரண்டு முழம்.

மருதாசலத்துக்குக் கணக்கு அதிகம் வராது. இந்தக் கணக்கு மட்டும் தொட்டி ஓரத்தில் நின்றபோதே வந்துவிட்டது.

"பண்ணாடி, கூண்டு வண்டியில போனா..."

"அவுங்க மேளத்தோட அக்கரையில நிப்பாங்க. மொத ரெண்டு தடவையும் எம்புள்ள வெறுங்கையோட கூண்டு வண்டியில போனா. இந்தத் தடவை கார்லதான் போயி எறங்கோணும். முடியாதுன்னா இப்பவே சொல்லு, வேற டிரைவரப் பாக்கறேன்."

முடியாது என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் வேறு டிரைவர் என்றால் வண்டி அதே வண்டிதான். அதே இரண்டு முழம்தான்.

"பாத்துச் சொல்றனுங்க," என்றார்.

*

அந்த வண்டிக்கு மூன்று மிதி. இப்போதுள்ள வண்டி மாதிரி கியர்க்கம்பியைப் பிடித்து இழுக்கிற வேலை இல்லை. இடது மிதியை அடியோடு அமுக்கினால் வண்டி மெதுவாக முன்னால் போகும். முழுக்க விட்டால் வேகமாகப் போகும். பாதியில் வைத்தால் எஞ்சின் மட்டும் சும்மா ஓடும். நடுமிதி பின்னால் போக. வலது மிதி நிற்க. பக்கத்தில் ஒரு கைநெம்புகோல், நிறுத்தி வைப்பதற்கு; அதை இழுத்தால் எஞ்சினும் சக்கரத்தை விட்டுவிடும். மூன்று மிதிக்கும் அடியிலுள்ள பெட்டிக்குள்ளே மூன்று உருளைகள். ஒவ்வோர் உருளையைச் சுற்றியும் ஓர் இரும்புப் பட்டை. மிதித்தால் பட்டை இறுகி உருளையைப் பிடிக்கும். இரும்பை இரும்பு தின்னாமல் இருக்கப் பட்டையின் உள்பக்கம் கனமான பருத்தி நாடா வைத்து ஆணி அடித்திருக்கும். எல்லாம் ஆயிலில் ஊறிக்கொண்டே வேலை செய்யும். அவ்வளவுதான் வண்டி.

இதில் எவன் கை வைத்தான் என்பதுதான் மருதாசலத்தின் முதல் கேள்வி.

வண்டி துடைக்கிற சின்னான்மேல் சந்தேகம் வந்தது. முப்பது வயது ஆள், வண்டியைக் கிளப்ப ஹேண்டில் சுற்றுவதும் அவன்தான், நாக்கு கொஞ்சம் நீளம். ஆயில் ஊற்றச் சொன்னால் கடலெண்ணெயை ஊற்றியிருப்பானோ? செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவனைக் களத்துக்கு வரச் சொன்னார்.

"ஆயில் டின்ன எங்கடா வெச்சிருக்கற?"

"வண்டி நிக்கற சாளைக்குள்ளதானுங்கண்ணா. ஏனுங், காணாமப் போச்சுங்களா?"

"அத வித்துப்போட்டு வேற எதாச்சும் ஊத்துனயா?"

சின்னான் அவரைப் பார்த்தான். "ஊத்துனனுங்க. பசு நெய்யி ஒரு படி. என்ற ஊட்டுல நெய்யி மிஞ்சிக் கெடக்குது பாருங்க."

மருதாசலம் ஆயிலில் விரலை விட்டு முகர்ந்தார். ஆயில்தான். வாசனை என்னவோ மாதிரி இருந்தது. சூட்டில் கருகியிருக்கும் என்று விட்டுவிட்டார். அங்கேயே நின்று யோசித்திருந்தால் ஒரு நாள் மிச்சம். பயந்தவனுக்கு மூக்கு வேலை செய்யாது.

அடுத்தது இடது மிதி. பாதியில் வைத்தாலும் எஞ்சின் சக்கரத்தை விடாமல் இழுக்கிறதோ? அப்படி இழுத்து ஹேண்டில் சுற்றுகிறவன்மேல் ஏறிய வண்டிகளை அவர் பாஸ்ராவில் பார்த்திருக்கிறார். களத்தின் நடுவில் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார்.

"பூசைங்களா அண்ணா?" என்றான் சின்னான். "கற்பூரம் கொண்டாறட்டுங்களா?"

"வாய மூடிக்கிட்டுப் பழத்தப் பாரு."

எஞ்சின் நடுங்கியது. வண்டி நடுங்கியது. சக்கரம் பழத்தைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றது. நூறு எண்ணும்வரை பார்த்தார்கள். பழம் நசுங்கவில்லை. இழுப்பு இல்லை.

இப்போது பயம் வேறு பக்கம் திரும்பியது. எஞ்சின் இழுக்கவில்லை என்றால் பாய வைத்தது யார்? கவுண்டர் கால்களைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. மருதாசலம் தன் இடது காலை நீட்டிப் பார்த்தார். நாற்பத்தெட்டு வயசு. கால் நடுங்குகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

சின்னானைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "என்ற எடது காலையே பாத்துட்டு இரு. வண்டிய நிறுத்தறப்ப அது என்ன பண்ணுதுன்னு சொல்லு."

"நல்ல வேலைங்க," என்று சின்னான் குனிந்துகொண்டான்.

களத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதை நோக்கி ஓட்டிப்போய் நிறுத்தினார். வண்டி தூக்கிப் போட்டது. சின்னானின் தலை முன்பலகையில் இடித்தது. வண்டி கோட்டைத் தாண்டிப் பாய்ந்து அணைந்தது.

"கால் போச்சுதுங்க," என்றான் தலையைத் தேய்த்துக்கொண்டே. "தூக்கிப் போட்டதும் ஒடம்பு முன்னால போவுது. பாதியில இருந்த கால் அடியோட அமுங்குது. அப்பத்தானுங்க பாயுது."

மருதாசலம் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கேவலமாக இருந்தது. ஆனால் சின்னான் சொன்னது சரி. அடியோடு அமுங்கினால் மெதுவாக முன்னால் போகிற பட்டை பிடித்துக்கொள்ளும். பாய்ந்தது வண்டி, பாய வைத்தது தன் கால். கவுண்டரின் மகளும் பிள்ளையும் ஆற்றில் போனால் அதைச் செய்தது இந்தக் கால்தான் என்று ஊரே சொல்லும். சொன்னால் அது பொய்யாகவும் இருக்காது.

"அண்ணா, காலத் தூக்கி விட்டது எதுங்க?" என்றான் சின்னான்.

"என்னடா?"

"கால் தானாப் போவலைங்களே. தூக்கிப் போட்டதுக்கு அப்புறம்தானுங்க போவுது. மொதல்ல தூக்கிப் போடறது எது?"

அவன் சொல்லி ஒத்துக்கொள்வதா என்று இருந்தது. மறுபடியும் ஓட்டினார். இந்தத் தடவை இடது காலை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டு, கைநெம்புகோலை மட்டும் இழுத்து நிறுத்தினார். வண்டி சோம்பேறி மாடு போல மெல்ல மெல்லப் போய் நின்றது. தூக்கல் இல்லை. அடுத்து நடுமிதியை, பின்னால் போகிற மிதியை, லேசாக அமுக்கிப் பார்த்தார். பட்டுப் போல நின்றது. மூன்றாவதாக வலது மிதி. பின்சீட்டில் கிடந்த பெட்ரோல் டின் பறந்து வந்து முன்னால் விழுந்தது.

வலது மிதிதான்.

தெரிந்தபின் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தார். பலகைத் தடத்தில் சரிவில் இறங்கி வருகிற வண்டி கைநெம்புகோலுக்கு நிற்காது, அது அவ்வளவு மெத்தனம். நடுமிதியால் நிறுத்தலாம், ஆனால் ஒரு இமைப்பொழுது கூடுதலாக அமுக்கிவிட்டால் வண்டி பின்னால் போகும், பலகையை விட்டுப் பின்சக்கரம் இறங்கும். முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். நிறுத்துவதற்கென்று இருக்கிற மிதியே நிறுத்த வேண்டும்.

அந்த வலது மிதியின் நாடாவைப் போன மாதம் புதிதாக மாற்றியது வேறு எவனுமில்லை. மருதாசலமே.

*

புதன்கிழமை காலை பெட்டி மூடியைக் கழற்றினார். ஆயில் சூடாக இருந்தது. சின்னான் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"களி அடிப்பிடிச்ச மாதிரி நாறுதுங்கண்ணா. உள்ள சட்டி கிட்டி வெச்சிருக்கறீங்களா?"

அவன் சொன்னது சரியாக அந்த வாசனைதான். நேற்று விரலில் வந்ததும் அதுதான். வலது பட்டையை விரித்து வெளியே எடுத்தார். நாடா பழுப்பேறி, மேலெல்லாம் பிசின் பூசியது போல மினுமினுத்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் ஒட்டிக்கொண்டு, பிய்ந்துகொண்டு வந்தது. இன்னொரு தடவை. ஒட்டியது, பிய்ந்தது.

உருளையும் இதைத்தான் செய்திருக்கிறது. சூடேறியதும் நாடா ஒட்டிப் பிடிக்கிறது, வண்டி தலைகுனிகிறது. பிய்த்துக்கொண்டு விடுகிறது, தூக்கிப் போடுகிறது.

ஒரு நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். ஆயில் கசப்புக்கு அடியில் கஞ்சி.

அப்போதுதான் ராசிபுரத்து நெசவுக்காரர் சின்னண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது. சேலத்துக் கடையில் சீமை நாடா வரவில்லை, அடுத்த மாதம் வரும் என்றார்கள். கடைக்காரன் பதுக்கிவிட்டான் என்று நினைத்த மருதாசலம், நாமே நெய்துகொண்டால் என்ன என்று பழைய நாடாவின் துண்டை எடுத்துக்கொண்டு ராசிபுரம் போனார். அதே அகலம், அதே கனம் என்று காட்டினார். எதுக்குங்க இது என்று சின்னண்ணன் கேட்டார். கேட்டவரை ஏற இறங்கப் பார்த்தார் மருதாசலம். வண்டிக்கு என்று சொன்னால், நாளைக்கு ஊரிலுள்ள டிரைவர்களெல்லாம் இங்கே வந்து நிற்பார்கள். தன் தொழில் ரகசியம் போய்விடும். கட்டிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்தார்.

என்ன தவறு என்று பாதி தெரிந்துவிட்டது. மீதி தெரிய பயமாக இருந்தது. சின்னானிடம் வண்டியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, நாமக்கல் போய், அங்கிருந்து பஸ் பிடித்து உச்சிவேளைக்கு ராசிபுரம் போய்ச் சேர்ந்தார்.

நெசவுக்காரர் தெருவில் பாவு விரித்திருந்தது. தெரு நீளத்துக்கு நூல். சின்னண்ணனின் மனைவி சாலம்மாள் கஞ்சியில் தூரிகையை நனைத்து நனைத்து நூலில் இழுத்துக்கொண்டிருந்தாள். பானையில் கொதித்த கஞ்சி வாசனை தெருமுனைக்கே வந்தது.

"வாங்க டிரைவரே," என்றார் சின்னண்ணன். "கட்டில் எப்படி? தொய்யாமெ இருக்குதுங்களா?"

"நாடாவுக்குக் கஞ்சி போட்டீங்களா?"

"போடாமெ எப்படிங்க நெய்யறது? நூலு பட்டுப் பட்டுன்னு அத்துட்டுப் போயிராதா? எல்லாப் பாவுக்கும் போடறதுதான். உங்களுதுக்கு எச்சாவே போட்டா."

"எச்சாவா?"

"நீங்கதான கட்டிலுக்குன்னீங்க," என்றாள் சாலம்மாள் கையை எடுக்காமல். "கட்டில் நாடா வெறைப்பா இல்லீன்னா நாலே நாள்ல ஊஞ்சலாயிரும். நல்ல மனுசர் வந்து கேக்கறாரேன்னு ரெண்டு மொறை கூட இழுத்தேன். ஏனுங்க, ஒடம்புல குத்துதா?"

மருதாசலம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவுக்கு மேல் வெயில் அடித்தது. கஞ்சி காய்ந்த நூல் ஒவ்வொன்றும் கம்பி மாதிரி நின்றது.

எத்தனையோ வருஷமாக எவனிடமும் உண்மை சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமில்லாத வாய் கோணிக்கொண்டது.

"கட்டிலுக்கு இல்லீங்க," என்றார். "காருக்கு. பிரேக்குக்கு வெச்சுட்டேன். வெள்ளிக்கெழமை ஒரு பச்சப்புள்ளையும் தாயும் அந்த வண்டியில ஓடம் ஏறோணும்."

சாலம்மாளின் கை நின்றது. சின்னண்ணன் அவர் பக்கம் திரும்பினார்.

"காருக்குன்னு சொல்லியிருந்தா நான் என்ன, உங்க காரத் தூக்கிட்டுப் போயிருப்பனா?"

"இல்லீங்க."

"வேற யார்கிட்டயாச்சும் சொல்லியிருப்பன்னு நெனச்சீங்க."

"ஆமாங்க."

"சொல்லித்தான் இருப்பேன்," என்றார் சின்னண்ணன். "சரி, எந்திரிங்க. கஞ்சியில்லாமெ ரெண்டு நாள்ல நெய்ஞ்சு தர முடியாது. அன்னைக்கு நெய்ஞ்சதுல நாலு முழம் மிச்சம் கெடக்குது. அதத் துவைச்சுப் பாக்கலாம்."

"தண்ணியில போட்டாப் போவுமா?"

"போவாது," என்றாள் சாலம்மாள். "கஞ்சியக் கஞ்சிதான் எடுக்கும். புளிச்ச நீராகாரத்துல ஊறப் போடோணும். நாளைக்குக் காலையில நொரை கட்டியிருந்தாப் போயிருச்சுன்னு அர்த்தம். கட்டலீன்னா போவலை."

"கட்டலீன்னா?"

அவள் பானையை எடுக்க உள்ளே போனாள்.

அந்த ராத்திரி அவர்கள் வீட்டு வாசலிலேயே படுத்தார். வியாழன் காலை பானை மூடியைத் திறந்தபோது முதலில் புளித்த நாற்றம்தான் வந்தது. பிறகு வெள்ளையாக நுரை. சாலம்மாள் நாடாவைக் கல்லில் அடித்து, அலசி, மறுபடி அடித்து, நடுவில் ஒரு நூலை உருவி வாயில் வைத்துப் பார்த்தாள். "சப்புன்னு இருக்குது," என்று அவர் கையில் கொடுத்தாள். நாடா செத்த பாம்பு போலத் துவண்டு கிடந்தது.

*

வியாழன் மத்தியானம் பண்ணைக்குத் திரும்பியதும் மருதாசலம் நாடாவை வெயிலில் காயவைத்தார். பெட்டியிலிருந்த ஆயிலைக் கடைசிச் சொட்டுவரை இறக்கினார். மண்ணெண்ணெய் ஊற்றி உருளைகளைக் கழுவினார். பட்டையில் நாடாவை வைத்து ஆணி அடித்தார். புது ஆயில் ஊற்றினார். நாடா ஊறுவதற்காகக் காத்திருந்த நேரத்தில் கவுண்டரைப் போய்ப் பார்த்தார்.

"என்ன, பாத்துட்டயா?"

"பாத்துட்டனுங்க. தப்பு வண்டியுது இல்லீங்க. என்னுது."

எல்லாவற்றையும் சொன்னார். கட்டில் என்று பொய் சொன்னதையும் சொன்னார். கவுண்டர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கன்னுக்குட்டி காலுக்குக் கட்டுப் போட்டிருக்குது. நடக்குமான்னு தெரியாது," என்றார் கடைசியில். "இப்ப வண்டி நிக்குமா?"

"களத்துல நாலு தடவை நிறுத்திப் பாக்கறனுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

நான்கு தடவையும் நின்றது. எலுமிச்சம்பழம் வைத்தும் நிறுத்தினார். சக்கரம் பழத்தைத் தொட ஒரு சாண் இருக்கும்போதே, பெருமூச்சு விட்ட மாதிரி நின்றது. சின்னான் பழத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். "ஊறுகாய்க்காச்சும் ஆவுது."

ஆனால் மருதாசலத்துக்குத் தெரியும். களத்தில் நாடா முழுக்கச் சூடேறாது; முன்பு அப்பியிருந்த கஞ்சிக்கு அந்தச் சூடே போதுமாக இருந்தது. எருமப்பட்டியிலிருந்து மோகனூர் வரை இருபது மைல் ஓடிப் போனால்தான் முழுக்கச் சூடேறும். நூலின் உள்ளே, யாருக்கும் தெரியாத இடத்தில், கஞ்சி ஒரு துளி மிச்சமிருந்தால் அது இளகுவது அப்போதுதான். வழியில் எத்தனை தடவை சரியாக நின்றாலும், கடைசித் தடவை ஓடத்தில்தான்.

இதைக் கவுண்டரிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நேற்றிலிருந்து வாய் அப்படியாகிவிட்டது.

கவுண்டர் தெற்கே, ஆறு இருக்கிற பக்கம் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

"அம்மிணிய எறக்கி, நான் மட்டும் வண்டிய ஏத்தறனுங்க."

"எறங்க மாட்டா. அவ ஆத்தா விட மாட்டா. ரெண்டு போயிருச்சுப்பா, இனி அந்தப் பொம்பளைங்ககிட்ட வழக்கத்த மாத்துன்னு நான் வாயத் தொறக்க முடியுமா? சரி. நான் ஓடத்துல வண்டிக்கு முன்னால நிக்கறேன்."

"பண்ணாடி, வேண்டாமுங்க."

"நாலு தடவை நின்னுதுன்னு நீதான சொன்ன? அப்ப நம்பறேன். நம்பறவன் முன்னால நின்னாத்தான் உனக்குக் கால் சரியா இருக்கும்."

யாராவது திட்டியிருந்தால் மருதாசலம் தாங்கியிருப்பார். சந்தேகப்பட்டிருந்தால் பழகிய விஷயம். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சாளைக்குப் போய் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைத் திருப்பித் திருப்பி இறுக்கிக்கொண்டிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை மோகனூர்த் துறையில் காவேரி செம்மண் நிறத்தில் போனது. அக்கரையில் மேளம் கேட்டது. சின்னச் சின்னதாக ஆட்கள் தெரிந்தார்கள்.

ஓடக்காரர் மணியன் தண்ணீரில் முழங்கால் வரை நின்று பலகைத் தடத்தைச் சரிசெய்தார். "மெல்ல வாங்க டிரைவரே. ஓடம் கொஞ்சம் அமுங்கும். அமுங்கறதப் பாத்துப் பயந்துராதீங்க."

கவுண்டர் ஓடத்தின் முனையில் மூங்கிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார். சின்னான் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பலகையோரம் நின்றான். அவன் வாய் முதல் தடவையாக மூடியிருந்தது.

பின்சீட்டில் வசந்தாமணி. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"போலாங்களா?" என்றாள்.

"போலாம் அம்மிணி," என்றார் மருதாசலம்.

மூடியின் இடுக்கிலிருந்து சூடு கால்களில் பட்டது. அந்தப் பக்கம் குனிந்து முகர்ந்தார். ஆயில் வாசனை. அதற்கு அடியில் ஏதாவது? தெரியவில்லை. இடது மிதியை அமுக்கினார். முன்சக்கரம் பலகையில் ஏறியது. பலகை முனகியது. வண்டி சரிவில் இறங்கத் தொடங்கியது, கேட்காமலே வேகம் எடுத்தது. இடது காலைப் பாதிக்குக் கொண்டுவந்தார். ஓடம் ஒரு பக்கம் அமுங்கி, தண்ணீர் மேலே வருவது போலத் தெரிந்தது. கண்ணாடிக்கு அப்பால் கவுண்டரின் வெள்ளை வேட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. கவுண்டர் அசையவில்லை.

வலது மிதி.

தலைகுனிவதற்காக உடம்பு காத்திருந்தது. முதுகைச் சீட்டில் அழுத்திக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டார். மிதி இறங்கியது, இன்னும் இறங்கியது. எங்கேயோ ஒரு இடத்தில் பிடித்தது. பிடித்தபடியே வண்டியின் வேகம் கரைந்தது. வேட்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்போது சக்கரம் நின்றது.

பாய்வதற்காகக் காத்திருந்தார்.

பாயவில்லை.

சின்னான் கல்லைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். மருதாசலம் கைநெம்புகோலை இழுத்தார். எஞ்சினை அணைத்தார். அப்போதுதான் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிள்ளை விழிக்கவில்லை. கவுண்டர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, பின்னால் இருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

ஓடம் நகர்ந்தது. கரை விலகியது. நடு ஆற்றில் சுழல் வந்து தட்டியபோது ஓடம் ஆடியது, வண்டியும் ஆடியது. மருதாசலத்தின் வலது கால் மிதியின்மேலேயே இருந்தது. அடியோடு.

மணியன் கோலை ஊன்றியபடி குனிந்து பார்த்தார். "எஞ்சின் நின்னு போச்சு. கல்லு வெச்சாச்சு. காலை எடுத்துட்டு நல்லா உக்காருங்களே."

"கரை வரட்டும்," என்றார் மருதாசலம்.

"கயித்துல கட்டியும் போட்டுட்டோமுங்க."

"கரை வரட்டும்."

மேளம் நெருங்கி வந்தது. அக்கரையில் ஓடம் மண்ணில் முட்டி நின்று, மணியன் கயிற்றைக் கட்டி, கவுண்டர் இறங்கிச் சம்பந்திகளைக் கும்பிட்ட பிறகும் அவர் காலை எடுக்கவில்லை. வண்டியைக் கரையேற்ற வேண்டுமே என்று சின்னான் வந்து பார்த்தான். முட்டிக்குக் கீழே கால் மரத்துக் கல்லாகிக் கிடந்தது. சின்னான் குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்து, மிதியிலிருந்து தூக்கி எடுத்துக் கீழே வைத்தான்.